ஆறிவிட்டது

கட்டைப் பிரித்தபோது நாற்றம் வரவில்லை.

அவள் முதலில் தன் மூக்கைத்தான் சந்தேகப்பட்டாள். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், கணவரின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பேண்டேஜைச் சுற்றுச் சுற்றாக அவிழ்க்கும்போது கடைசிச் சுற்றில் அந்த வாடை எழும்பி வரும். ஈரத்துணியை வாளியில் போட்டு மறந்துவிட்ட மாதிரி, அதற்கும் அடியில் இனிப்பாக ஏதோ அழுகிப்போன மாதிரி. வருஷக்கணக்கில் பழகிப்போய், வாடையை வைத்தே புண் இன்று எப்படி இருக்கும் என்று பார்க்காமல் சொல்கிற அளவுக்கு வந்திருந்தாள். அன்று கடைசிச் சுற்றும் அவிழ்ந்தது. பஞ்சு வைத்தது வைத்தபடி வெள்ளையாக, காய்ந்து, இருந்தது. குனிந்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. சோப்பு வாசனை இல்லை. மனிதத் தோலுக்கென்று ஒரு வாசனை உண்டே, அதுவும் இல்லை.

"என்ன, முத்தம் கொடுக்கப் போறியா? அங்க வேண்டாம்மா, கொஞ்சம் மேல வா," என்றார் அவர்.

பஸ் கண்டக்டராக இருந்தவர். வேலையை விட்ட பிறகும் தெருவுக்கே அவர் கண்டக்டர்தான். பஸ்ஸின் முன்படியில் நின்று "உள்ள போங்க, உள்ள போங்க" என்று அவர் போடும் சத்தத்தில் பின்சீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்து இடம் மாறி உட்காருவார்களாம். சர்க்கரை வியாதி அவருக்கு முதலில் காலின் உணர்ச்சியைத் தின்றது. செருப்பில் ஏறியிருந்த ஆணி ஒரு நாள் முழுக்க உள்ளங்காலைக் குத்திக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் தரையில் ரத்தச் சுவடு பார்த்து அவள்தான் அலறினாள். அந்த ஓட்டை அப்புறம் மூடவே இல்லை. "டிக்கெட்டுல நான் போட்ட ஓட்டையெல்லாம் சேர்ந்து என் கால்ல விழுந்திருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அதை மூட அவர்கள் பார்க்காத வைத்தியம் இல்லை. முதலில் வெறும் காஸ் துணி. மறுநாள் எடுக்கும்போது புதுச் சதையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். பிறகு வெள்ளிக் களிம்பு, தேன் தடவிய பட்டை, நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும் நுரைத்தாள், புண்ணுக்குள் திணித்தால் கூழாகிவிடும் கடல்பாசித் திரி. "வெள்ளி, தேன், கடல்பாசி! என் காலுக்கு நடக்கிற உபசாரம் கல்யாணத்தப்பகூட எனக்கு நடக்கல," என்பார் கண்டக்டர். அவள் சிரிப்பாள். ஆனால் பாத்ரூமில் உட்கார்ந்து அந்தப் பஞ்சுகளைப் பைக்குள் போட்டுக் கட்டும்போது, அடுத்தது கட்டைவிரல், அதற்கடுத்தது பாதம், அதற்கப்புறம் முழங்கால் என்று டாக்டர் விரலை மடக்கிச் சொன்னது நினைவுக்கு வரும்.

அப்போதுதான் அவளுடைய தம்பி அந்த டப்பாவைக் கொண்டுவந்தான்.

காயக்கட்டுக்கான பொருட்களைச் செய்து பார்க்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை. டப்பாவுக்குள் தாள் தாளாக, முட்டை ஓட்டின் உட்பக்கம் ஒட்டியிருக்குமே, அந்தச் சவ்வு மாதிரி ஒன்று இருந்தது. ஐஸ் வைத்த பையிலிருந்து அப்போதுதான் எடுத்திருந்தான். ஆனாலும் விரலில் வாங்கியபோது அது வெதுவெதுப்பாக இருந்தது.

"இது எதுல செஞ்சதுடா?"

"பாதி நண்டு ஓடு, பாதி கடல்பாசி. மேல ஒரு படலம் இருக்கு பாருக்கா, அது மட்டும் செய்யறதில்ல. வளர்க்கிறது."

"எதை வளர்க்கிறீங்க?"

அவன் சற்று யோசித்தான். "வயித்துக்குள்ள இருக்கிற குழந்தைக்குக் காயம் பட்டா தழும்பே இல்லாம மூடிக்கும். பொறந்த பிறகு நம்ம தோலுக்கு அது மறந்துபோயிடுது. இது அதை ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். எங்க திறந்திருக்கோ அங்க மூடிடும். இன்னும் வெளிய வரலக்கா. அத்தானுக்காகத்தான் எடுத்துட்டு வந்தேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

"மச்சான் திருடிட்டு வந்திருக்கான், நல்ல சரக்காத்தான் இருக்கும்," என்று கண்டக்டர் காலை நீட்டினார்.

முந்தின நாள் மாலை அதை வைத்துக் கட்டினாள். இப்போது நாற்றம் இல்லை. பஞ்சை எடுத்தாள். சவ்வு இல்லை. கரைந்துவிடும் என்று தம்பி சொல்லியிருந்தான். ஓட்டையும் இல்லை. விரல் நுழைகிற ஆழத்துக்கு இருந்த இடத்தில் தோல் மூடி, இளஞ்சிவப்பாக, லேசாக மினுங்கிக்கொண்டிருந்தது.

ஒரே நாளில். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காலைத் திருப்பிப் பார்க்க முயன்று, கழுத்து வளையாமல், "என்னம்மா, பயமுறுத்தாத, விரல் போயிடுச்சா?" என்றார். "ஆறிடுச்சுங்க," என்றாள். அதைச் சொல்லிவிட்டு மறுபடி ஒரு தடவை விரலால் தடவினாள். உள்ளங்கால் என்றால் கோடுகள் இருக்கும், வெடிப்பு இருக்கும், வரி இருக்கும். அந்த இடத்தில் ஒரு கோடுகூட இல்லை. கண்ணாடித் தம்ளரைத் தடவுவது போல விரல் வழுக்கிக்கொண்டு போனது. அந்த வழவழப்பு புண் இருந்த இடத்தோடு நிற்கவில்லை. சுற்றிலும் ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குப் பரவியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மற்ற டாக்டர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். தேன் பட்டைதான் வேலை செய்திருக்கிறது என்று அவள் பொய் சொன்னாள். கண்டக்டர் அந்த வார்டையே பஸ்ஸாக்கி, "இறங்கறவங்களுக்கு வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே தன் காலால் நடந்து வெளியே வந்தார். அவள் பின்னால் வந்தாள். அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

வழவழப்பு பரவிக்கொண்டிருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. காலைக் கழுவித் துடைக்கும்போது ஒரு நாள் துண்டின் நுனி கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே போகவில்லை. அழுக்கு சேர்ந்து ஒட்டியிருக்கிறதோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இடைவெளியே இல்லை. இரண்டு விரலும் நகம் வரைக்கும் ஒன்றாகியிருந்தன. அடுத்தடுத்து மற்ற விரல்களும். பிறகு நகங்கள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. "வாத்துக் கால் வந்துடுச்சு, இனி மழைக்காலத்துல பஸ் வேண்டாம்," என்றார் கண்டக்டர். சிரித்தார். ஆனால் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். டாக்டரிடம் காட்டியபோது, ஆறும் தோல் சில சமயம் அப்படி இறுகும், வலி இருக்கிறதா என்று கேட்டார். வலி இல்லை. எங்கேயுமே வலி இல்லை.

ஒரு சாயங்காலம், மழை பிடித்துக்கொண்டு ஜன்னல் தகரத்தில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தபோது, அவருக்கு வெந்நீர் ஊற்றிவிட்டு முதுகைத் துடைத்து, நெஞ்சைத் துடைத்து, வயிற்றுக்கு வந்தாள். துண்டு வழுக்கிக்கொண்டு கீழே போனது. நின்றாள். மறுபடி மேலிருந்து துடைத்தாள். ஆவியில் சரியாகத் தெரியவில்லை என்று கையாலேயே தேடினாள். நெஞ்சுக்குழியிலிருந்து இடுப்பு வரை அவருடைய வயிறு ஒரே தோலாக, மாவு பிசைந்து உருட்டி வைத்த மாதிரி, ஒரு பள்ளமும் இல்லாமல் இருந்தது.

தொப்புள் இல்லை.

"என்னம்மா, நின்னுட்ட?"

"ஒண்ணுமில்லங்க. சோப்பு நழுவிடுச்சு."

அவள் வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடிக் கடையில். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் முகத்தில் ஃபிரேமை மாட்டி, காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்து, கம்பியைச் சூடாக்கி வளைத்துச் சரிசெய்வது அவள் பிழைப்பு. அதனால் மறுநாள் காலை கண்டக்டரின் கண்ணாடி மூக்கிலிருந்து சரிந்து விழுந்தபோது என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது. காதுக்குப் பின்னால் விரலை விடப் பார்த்தாள். விட முடியவில்லை. காது தலையோடு ஒட்டியிருந்தது. காதின் மடிப்புகள் ஆழம் குறைந்து, குழந்தை களிமண்ணில் செய்த காது மாதிரி மழுங்கியிருந்தன. நடுவிலிருந்த துளை ஒரு மிளகு அளவுதான் இருந்தது.

அன்றிலிருந்து ரேடியோவை அவர் அதிகச் சத்தமாக வைத்தார். அதற்கு மறுநாள் இன்னும் அதிகமாக. மாடி வீட்டு அம்மா படியில் நின்று, "கண்டக்டர் சார் பஸ்ஸை வீட்டுக்கே கொண்டுவந்துட்டாரா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாள். பிறகு ஒரு நாள் வீடு அமைதியாக இருந்தது. அவள் கடையிலிருந்து வந்து பார்த்தபோது, ரேடியோ முழுச் சத்தத்துக்குத் திருகி வைக்கப்பட்டு, பேட்டரி தீர்ந்து செத்துக் கிடந்தது. அவர் அதன் முன்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு, கேட்டுக்கொண்டிருப்பவர் மாதிரி, உட்கார்ந்திருந்தார்.

பாத்ரூமுக்குப் போனால் வெகுநேரம் வெளியே வரமாட்டார். என்ன என்று கேட்டால் கையை ஆட்டி அவளைப் போகச் சொல்வார். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள்.

தம்பிக்குப் போன் செய்தாள்.

"இதை நிறுத்த வழி சொல்லுடா. ஏதாவது மருந்து இருக்கும் இல்ல? இது எப்பதான் நிக்கும்?"

மறுமுனையில் அவன் மூச்சு விடுவது கேட்டது. பேசியபோது உதட்டைத் திறக்காமல் பேசுகிற மாதிரி இருந்தது. "நிறுத்தறதுக்கு... நாங்க அதுக்கு எதுவும் சொல்லித் தரலக்கா. மூட மட்டும்தான்."

"புண்ணைத்தானே மூடணும்?"

"எது புண்ணுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு, "உன் வாய்க்கு என்னடா ஆச்சு?" என்றாள்.

"பல்வலி," என்றான். வைத்துவிட்டான்.

மறுநாள் மறுபடி கூப்பிட்டபோது போன் எடுக்கப்பட்டது. ஆனால் மூக்கால் விடும் மூச்சு மட்டும்தான் வந்தது, பாத்திரத்தில் பால் பொங்கி வருவதற்கு முந்தின சத்தம் போல. "தம்பி," என்றாள், "தம்பி, நான் வரட்டுமா?" மூச்சு வேகமாயிற்று. ஏதோ வழவழப்பான ஒன்று போனின் மேல் உரசி உரசி, பொத்தானைத் தேடி, இணைப்பைத் துண்டித்தது.

கண்டக்டருக்கு அது வாய் ஓரங்களில் ஆரம்பித்தது. சிரித்தால் முழுப் பல்லும் தெரியும் வாய் அவருக்கு. அது முதலில் அரைச் சிரிப்பாயிற்று. பிறகு ஸ்பூன் நுழையவில்லை. கஞ்சியைத் தம்ளரில் ஊற்றி, அதன் விளிம்பை உதட்டில் வைத்துச் சாய்க்க வேண்டியிருந்தது. அவர் பேசுவது சீட்டியடிப்பது மாதிரி வந்தது. அவள் அவரைப் போர்வையில் சுற்றி, வாடகைக் கார் பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இந்தத் தடவை டப்பாவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் நம்பினாரா இல்லையா தெரியாது, ஆனால் அவர் முகம் மாறியது. சிறிய அறையில் வைத்து, இரண்டு ஓரங்களையும் கத்தியால் கீறித் திறந்தார். ரத்தம் கொஞ்சம்தான் வந்தது, அதுவும் உடனே நின்றது. கீறும்போது கண்டக்டர் தலையை அசைத்தார். கத்தி விலகி டாக்டரின் கையுறையைக் கிழித்தது. டாக்டர் விரலைப் பார்த்தார், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். "ஒண்ணுமில்ல. சின்னக் கீறல்," என்று சிஸ்டரிடம் சொன்னார். பெரிய டாக்டர்களிடம் பேசுவதாகவும், இரண்டு நாள் கழித்து வரும்படியும் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் முழுக்கக் கண்டக்டர் பேசினார். காது கேட்காததால் அவள் பதிலுக்குக் காத்திருக்காமல், பேசப் பேச, ஒன்றிலிருந்து ஒன்று தாவிக்கொண்டே போனார். பழைய டிரைவர், நடுவழியில் பஸ்ஸில் பிள்ளை பெற்ற பெண், சில்லறைக்குச் சண்டை போட்டு அப்புறம் நண்பனானவன், அவள் ஜன்னலோர இருக்கையில் தினமும் உட்கார்ந்து வந்த காலம். "உனக்கு டிக்கெட் கிழிக்கிறப்ப மட்டும் கை நடுங்கும். தெரியுமா உனக்கு?" என்றார். அவளுக்குத் தெரியாது. "இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?" என்று கேட்டாள். அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கேக்கலம்மா," என்றார்.

காலையில் வாய் ஒரு பட்டன் ஓட்டை அளவுக்கு வந்திருந்தது. டாக்டர் கீறிய இடத்தில் கீறியதற்கான அடையாளமே இல்லை.

அவர் மேஜை மேலிருந்த சின்னக் கத்தரிக்கோலைக் காட்டினார். நகம் வெட்டுவது. அவள் முடியாது என்று தலையாட்டினாள். அவர் மறுபடி காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் கூப்பினார். கூப்பிய கைகளின் விரல்கள் அதற்குள் உறை போட்டவை மாதிரி ஒன்றாகிவிட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

கத்தரிக்கோலை வெந்நீரில் போட்டெடுத்தாள். ஒரு முனையை அவர் வாய்க்குள் விட்டாள். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றியது, மூடவில்லை. ஈரத்துணியை வெட்டுகிற சத்தம்தான். அவர் முனகக்கூட இல்லை, அவருக்கு வலிக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது. வெட்டி முடித்ததும் பால் கொடுத்தாள். மதியத்துக்குள் மூடிக்கொண்டது. மதியம் வெட்டினாள். சாயங்காலம் வெட்டினாள். கடைக்குப் போகவில்லை. இத்தனை காலம் அவர் உடம்பிலிருந்த ஒரு புண் மூட வேண்டும் என்று கும்பிட்டவள், இப்போது ஒவ்வொரு வேளையும் அவர் உடம்பில் ஒரு புண்ணை உண்டாக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு வேளை கத்தரிக்கோல் நழுவி அவள் கட்டைவிரலைக் கிள்ளியது. குழாயடிக்கு ஓடி, தண்ணீரில் காட்டினாள். ரத்தம் தண்ணீரோடு போனது. அடியில் காயம் இல்லை. அவள் தண்ணீரை நிறுத்தாமல் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலின் ரேகைகள் இருந்த இடம் மினுங்கியது.

டாக்டர் சொன்ன நாளில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்டக்டருக்கு இடது கண் அன்று காலையில் திறக்கவில்லை. அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். டாக்டர் மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர், கண்ணும் ஒட்டிக்கிச்சு. பெரிய டாக்டர்கிட்ட பேசினீங்களா?"

அவர் தலையை ஆட்டினார்.

"என்ன சொன்னாங்க?"

"ம்ம்," என்றார் டாக்டர்.

"டாக்டருக்குத் தொண்டை சரியில்ல," என்றாள் பக்கத்தில் நின்ற சிஸ்டர். அவள் டாக்டரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவளும் மாஸ்க் போட்டிருந்தாள். வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டிருந்தாள்.

மேஜையில் டாக்டருடைய டீ ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. பக்கத்தில் அதேபோல இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. யாரோ வேளை தவறாமல் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், யாரும் குடிக்கவில்லை. மாஸ்க்குக்கு மேலே டாக்டரின் கண்கள் அவளை விட்டு விலகவில்லை. அந்தக் கண்கள் கெஞ்சின. அவள் கைப்பையில் கத்தரிக்கோல் இருந்தது. மாஸ்க்கின் துணி, வாய் இருக்க வேண்டிய இடத்தில், உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

அவள் நாற்காலியைத் திருப்பினாள். நடையில் போகும்போது எதிரே வந்தவர்களின் முகங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே தள்ளினாள். பின்னால் ஏதோ ஒரு அறையிலிருந்து "ம்ம், ம்ம்" என்று யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டாள்.

மறு கண்ணும் மூடிய பிறகு அவருக்கு இருந்தது தொடுவது ஒன்றுதான். அவர் கன்னத்தில் அவள் கை வைத்தால் அவள் அங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வார். கேள்வியை அவர் நெஞ்சில் விரலால் எழுதுவாள். பசிக்குதா? குளிருதா? அவர் உள்ளிருந்து நாக்கால் கன்னத்தைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை, வேண்டாம். ஒரு காலையில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், உதடு இருந்த இடத்தைத் தேடினாள். மூக்குக்குக் கீழே மோவாய் வரை ஒரே சமதளம். நடுவில் விரலை வைத்து அழுத்தி, பற்களின் இடைவெளியைக் கண்டுபிடித்து, அங்கே குத்தித் திறந்தாள். பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பால் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓரங்கள் நகர்ந்து வந்து ஒன்றையொன்று தொட்டன.

அவள் அவர் நெஞ்சில் எழுதினாள். வெட்டட்டுமா?

இரண்டு தட்டு.

மறுபடி எழுதினாள். மறுபடி இரண்டு தட்டு.

கத்தரிக்கோலை ஜன்னல் கட்டையில் வைத்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கன்னத்தில் வலது கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எத்தனை நாள் தூங்காத தூக்கமோ, வெயில் ஜன்னல் வழியாக அவள் மடியில் ஏறிய சுகத்தில் தலை கட்டில் விளிம்பில் சாய்ந்தது.

விழித்தபோது வெயில் சுவருக்குப் போயிருந்தது. கை மரத்துப்போயிருந்தது. தூக்கத்தில் கன்னத்திலிருந்து நழுவி, அவர் வாய் இருந்த இடத்தின் மேல் பதிந்திருந்தது. வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். எடுத்தாள்.

அவர் தலையும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தது.

வைத்தாள். மெதுவாக. மறுபடி, விரல் விரலாக எடுத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் வரவில்லை. எந்த விரலும் வரவில்லை. இடது கையால் ஜன்னல் கட்டையை எட்டித் தடவினாள். கத்தரிக்கோல் கிடைத்தது. முனையைக் கொண்டுவந்து, எங்கே வைப்பது என்று பார்த்தாள். அவர் தோல் எங்கே முடிகிறது, தன் தோல் எங்கே ஆரம்பிக்கிறது? நாடி அடிக்கும் இடத்தில் அவர் தாடி மயிர் ஒன்றிரண்டு இருந்தன. அவை அவளுடைய மணிக்கட்டில் முளைத்திருந்தன.

வாசலில் செருப்புச் சத்தம். மாடி வீட்டு அம்மா.

"வீட்ல யாருமில்லையா? கண்டக்டர் சார் சத்தமே காணோமே!"

இருக்கிறோம் என்று கத்த வாயைத் திறக்கப் போனாள்.

திறக்கவில்லை.

"ம்ம்," என்றாள். இன்னும் பலமாக, "ம்ம்!" கதவுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா நின்று காது கொடுப்பது தெரிந்தது. பிறகு செருப்புச் சத்தம் படியேறிப் போயிற்று.

கத்தரிக்கோலைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். பழக்கமில்லாத இடது கையிலிருந்து அது நழுவியது. தரையில் விழுந்தது. காலால் துழாவினாள். சறுக்கிக் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

ஆள்காட்டி விரலின் மேல் அவருடைய மூச்சு படுவது ஒன்றுதான் இப்போது அசைந்தது. மூக்கின் துளைகள் ஊசி நுழையும் அளவுக்கு இருந்தன. சூடு வந்தது. போனது. வந்தது. நூல் மாதிரி. வெகுநேரம் கழித்து வந்தது.

வரவில்லை.

காத்திருந்தாள். வரவில்லை.

வெயில் சுவரிலிருந்தும் போய்விட்டது. அவர் நெஞ்சு அசையவில்லை. அவள் உள்ளங்கைக்கு அடியில், தோலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவருடைய நாக்கு தட்டியது.

இரண்டு தட்டு.

கொஞ்சம் இடைவெளி.

இரண்டு தட்டு.